மாம்பலம் நேரம்

“இனிமே நாடகமும் வேண்டாம், உங்கப்பனும் வேண்டாம்” என்று மாமா போனில் சொன்னபோது நான் அடையாறில் ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் எடுத்ததை அப்படியே கூடையில் போட்டுவிட்டேன். மாமா கோபக்காரர்தான். ஆனால் அவர் கோபம் சத்தத்தோடு வரும், காபி வருவதற்குள் போய்விடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி இல்லை, அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே அரசு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கி, அங்கேயே ரிட்டயர் ஆனவர்கள். அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு மேற்கு மாம்பலத்துக்கு வந்தவர். மாமா மயிலாப்பூர்க்காரர். இப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு பிளாட்டில் மாமியோடு இருக்கிறார். ஒருவர் வாயைத் திறந்தால் ‘இன்னா’, ‘கீது’. இன்னொருவர் வாயைத் திறந்தால் ‘ஆத்துல’, ‘சொல்லிண்டு’. இந்த இரண்டு தமிழும் சேர்ந்து உட்கார்ந்து வருஷா வருஷம் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதும். முதலில் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்கு எழுதினார்கள். ரிட்டயர் ஆன பிறகு ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு. பார்க்க வருவது எல்லாம் தெரிந்த முகங்கள், கைதட்டுவதற்கென்றே வருகிறவர்கள். அதற்கு இவர்கள் காட்டிய மும்முரத்தில் பாதியை ஆபீஸ் வேலையில் காட்டியிருந்தால் இரண்டு பேருமே பெரிய அதிகாரியாக ரிட்டயர் ஆகியிருப்பார்கள் என்று அம்மா சொல்வாள்.

அவர்கள் எழுதும் முறையே தனி. பாண்டி பஜாரில் ஒரு ஹோட்டல், அதில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை. ஒருவர் ஒரு வசனம் சொல்வார். மற்றவர் கையிலிருக்கும் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பதில் வசனம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடத்தில் பதில் எழுதும் உரிமையும் முதல் ஆளுக்கே போய்விடும். சின்ன வயதில் அப்பா என்னையும் சில நாள் கூட்டிக்கொண்டு போவார். நான் போண்டாவைத் தின்றுகொண்டே மாமாவின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதில் வராத நேரத்தில் மாமா காலி டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பார். குடித்து முடித்தாயிற்று என்று அப்பா கத்துவார். இல்லை, அடியில் இன்னும் நுரை இருக்கிறது என்று மாமா டம்ளருக்குள்ளிருந்தே பேசுவார். நுரை தீருவதற்குள் பதில் வந்துவிடும். வந்தால் பக்கத்து மேஜைக்காரர்களும் சிரிப்பார்கள்.

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மாமாவால் அந்த ஹோட்டலுக்கு வர முடியவில்லை. அப்பாவின் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்ததிலிருந்து அவரைத் தனியாக வெளியே விட அம்மா தயாராக இல்லை. போனில் எழுதலாம் என்றால் அப்பாவுக்குக் காது மந்தம். மாமா ஒரு வசனத்தைச் சொல்லி, அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லி, நான்காம் தரம் கத்தும்போது அதில் சிரிப்பு எங்கே இருக்கும்?

அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பிழைப்பே கணினிகளைப் பார்த்துக்கொள்வது. அதோடு, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் மேல் பைத்தியமும் உண்டு. என் கையில் அகப்பட்ட பழைய கணினி எதுவும் லினக்ஸ் ஏறாமல் வீடு திரும்பாது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். இரண்டு பேர் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருந்த பழைய கணினிகளைத் தூசி தட்டி, லினக்ஸ் ஏற்றி, தமிழில் தட்டச்சு செய்ய வழி செய்துகொடுத்தேன். நாடகம் ஒரே கோப்பு. அது இணையத்தில், கிளவுடில் இருக்கும். அப்பா மாம்பலத்தில் ஒரு வரி எழுதிச் சேமித்து மூடினால், ஒரு நிமிஷத்துக்குள் அது ஆழ்வார்பேட்டையில் மாமாவின் கணினிக்கு வந்துசேரும், வந்ததும் டிங் என்று ஒரு மணி அடிக்கும். மாமா பதில் எழுதினால் இங்கே டிங். எங்கள் கிளவுட் கணக்குக்கு லினக்ஸில் ஓடும் சொந்த நிரல் கிடையாது. எனவே இரண்டு பக்கமும் கோப்பை ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவு நிரல் ஒன்றை இலவசமாக எடுத்து, அதை அவ்வப்போது ஓடவைக்க நானே ஒரு சின்ன நிரலும் எழுதினேன்.

ஆரம்பத்தில் அந்த நிரல், எது சரியான கோப்பு என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் கோப்புறை முழுக்க நகல்கள். காலையில் அப்பா போன் செய்து எது ஒரிஜினல் என்று கேட்பார். அவர் வைத்ததும் மாமா கேட்பார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே குரலில் ஒரு கோப்புதான் வேண்டும் என்றதால், கடைசியாகச் சேமித்தது எதுவோ அதுவே நிற்கும், பழையது போகும் என்று விதி வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி. எனக்கும் நிம்மதி.

இந்த வருஷ நாடகம், லிப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரைப் பற்றியது. ஒருவர் அப்பாவின் தமிழ் பேசுவார், இன்னொருவர் மாமாவின் தமிழ். மேடையில் வேறு ஆளே கிடையாது. அடிக்கு அடி, பேச்சுக்குப் பேச்சு. டம்ளர் இல்லாவிட்டாலும் டிங் இருந்தது. மணி அடித்ததும் ஓடிவந்து பதில் எழுதினார்கள். எழுபது தாண்டிய இரண்டு பேர், இடுப்பும் தலையும் சரியில்லாதவர்கள், ஒரு டிங்குக்காகச் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

காய்கறிக் கடையிலிருந்து நேரே ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். மாமாவின் குற்றச்சாட்டு இதுதான். அவர் எழுதும் வசனங்கள் காணாமல் போகின்றன. எல்லாம் போகவில்லை. “நன்னா வந்ததாப் பாத்து எடுக்கறான். மொக்கையெல்லாம் அப்படியே இருக்கு. கம்ப்யூட்டருக்கு எது நல்ல ஜோக்குன்னு தெரியுமா? அவனுக்குத் தெரியும்” என்றார். தன் ஆள் பேசுவதற்கு மட்டும் சிரிப்பு விழ வேண்டும், மாமாவின் ஆள் மரம் மாதிரி நிற்க வேண்டும் என்று அப்பா நினைக்கிறாராம். இத்தனை வருஷம் கழித்து இப்படிப் புத்தி போயிற்றே என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவிடம் ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் திருட்டுப் புத்தி கிடையாது. சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமி கண்ணைக் காட்டி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கோபம் இப்போதுதான் வந்தது, அதற்கு முன்னால் ஒரு மாசம் மாமா பயந்து செத்தார் என்று தணிந்த குரலில் சொன்னாள். எழுதினோமே, காணோமே, எழுதவே இல்லையோ, தனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று மாமா சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறார். மாமாவின் அண்ணாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்ததாம். அப்புறம் தன்னைத் தானே சோதிக்க, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வசனத்தை எழுதிவைத்துவிட்டுக் கணினியில் அடித்திருக்கிறார். தாளில் இருக்கிறது, கணினியில் இல்லை. மறதி இல்லை என்று தெரிந்ததும் மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். தனக்கு மறதி இல்லையென்றால் தப்பு செய்தது எதிர்ப்பக்கம் இருப்பவன்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அந்தத் தாள்களை மாமி காட்டினாள். படித்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்தேன். உண்மையிலேயே அவைதான் நல்ல வசனங்கள்.

அன்றைக்கு மாமாவின் கணினியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தது. இணையம் ஒழுங்காக வந்தது. கோப்பில் எழுதும் அனுமதிகள் சரி. என் நிரல் இரண்டு தரம் ஓடி ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கோப்பின் பெயர் தமிழில் இருப்பதால் ஏதும் கோளாறோ என்று பெயரையே மாற்றினேன். நிரல் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தால், எல்லாம் நலம், எல்லாம் நலம் என்று ஒரே பாட்டு. என் தொழிலில் இதைவிடக் கொடுமை கிடையாது. ஒரு பிழைச் செய்தி வந்தால் அதைப் பிடித்துத் தொங்கலாம். நலம் என்று சொல்கிற யந்திரத்திடம் என்ன கேட்பது?

கடைசியில் நானே ஒரு வசனம் அடித்து, சேமித்து, அப்பாவுக்குப் போன் போட்டு, வந்ததா என்று கேட்டு, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தேன். வந்துவிட்டது. திரும்ப ஒன்று அடித்தேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் பெண் எழுதினால் நிற்கிறது, தான் எழுதினால் போகிறது, இதற்கு மேல் என்ன ருசு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சரிபார்க்கப் போனவள் வழக்கை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாம்பலம். அப்பா வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் பத்து நிமிஷம் கழித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அப்பா வேலைக்குப் போன காலத்தில் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து மின்சார ரயிலைப் பிடிப்பதற்காக வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்தார். அலாரம், கைக்கடிகாரம், அம்மாவின் ரேடியோ மேல் இருந்த டைம்பீஸ் எல்லாம் அதைப் பின்பற்றின. ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. ரயில் பிடிக்க வேண்டிய ஆள் யாரும் அந்த வீட்டில் இல்லை. கடிகாரங்கள் மட்டும் இன்னும் அவசரத்தில் இருக்கின்றன.

அப்பா நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தார். மாமா நேராகவே கேட்டுவிட்டாராம். “என்னப் பாத்து, என் வசனத்த அட்சிட்டியாடான்னு கேட்டாம்மா. அவன் எழுதறது வந்தாதான பாப்பா நான் எடுக்க முடியும்? வந்ததே இல்ல” என்றார். எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அப்பாவுக்கு நான் பாப்பாதான்.

அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. கொஞ்ச நாளாக மாமாவின் எழுத்தில் சரக்கு இல்லையாம். முன்பு இவர் ஒன்று சொன்னால் அவர் உடனே ஒன்று கொடுப்பார். இப்போது பதில் வருவதே அபூர்வம், வந்தாலும் நேரம் கழித்து வருகிறது, அதுவும் சப்பென்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மாமாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டதோ, நாடகத்தைத் தனக்காக வேண்டாவெறுப்பாக எழுதுகிறாரோ என்று அப்பா உள்ளுக்குள் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டால் வருத்தப்படுவாரே என்று கேட்கவில்லை. இரண்டு கிழவர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் பயந்துகொண்டு, பயத்தைச் சொல்லாமல் கோபத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் நிஜமாகவே ஒரு லிப்டில் போட்டுப் பூட்டிவிடலாம் என்றிருந்தது.

அப்பாவின் கணினிக்கு எதிரே என் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுப் பதிவேடுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். அவரிடமும் எல்லாம் நலம். காலை போய்க்கொண்டே இருந்தது. அம்மா சாதம் வைப்பதற்காக உள்ளேயிருந்து மணி என்ன என்று கேட்டாள். கணினித் திரையின் மூலையைப் பார்த்தேன். “பதினொண்ணும்மா” என்றேன்.

சொல்லிவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கத் திரும்பியவள் அப்படியே நின்றேன். திரையில் பதினொன்று என்று இல்லை. பதினொன்று பத்து என்று இருந்தது. பத்து நிமிஷத்தைக் கழித்தது என் நாக்கு. பக்கத்தில் என் மடிக்கணினி பதினொன்று என்றது. அந்தக் கணினியின் முன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பேன்? ஒவ்வொரு தரமும் அந்த மூலையைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தரமும் என்னையறியாமல் கழித்திருக்கிறேன். வெளியாள் ஒருவன் வந்து பார்த்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே கேட்டிருப்பான். நான் அந்த வீட்டுப் பெண். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். ஆமாம், கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் ஸ்லோவாகக் காட்டியது, தானே சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியை அணைத்து, கடவுச்சொல்லைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். வேறு நாளாக இருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன்.

நடந்தது இதுதான். அப்பா ஆறு மணிக்கு ஒரு வசனத்தைச் சேமித்தால் அதன்மேல் ஆறு பத்து என்று முத்திரை விழும். ஆழ்வார்பேட்டையில் டிங். மாமா ஓடிவந்து ஆறு மூன்றுக்கு ஒரு பதிலை அடித்துச் சேமிப்பார். என் நிரல் இரண்டையும் பார்க்கும். ஆறு பத்து, ஆறு மூன்று. கடைசியாக வந்தது அப்பாவுடையது, அதுவே நிற்கட்டும் என்று மாமாவின் பதிலைத் துடைத்துவிட்டு, நலம் என்று எழுதிவைக்கும். மாமா எழுந்து போய் மாத்திரை சாப்பிட்டு, மாமியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிதானமாக வந்து எழுதியிருந்தால் அது பிழைத்திருக்கும். நான் சோதித்துப் பார்த்த நேரத்தில் அப்பா எதையும் சேமிக்காததால் என் வசனங்கள் பிழைத்தன. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வந்த பதில் எதுவும் பிழைக்கவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு சூடாக வந்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு நிச்சயமாகப் போயிற்று. மாமா சொன்னது அத்தனையும் சரி, ஆளைத் தவிர.

இதை அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து விளக்கினேன். புரிந்தது. புரிந்ததும் முகம் இன்னும் கடுத்தது. மெஷின் செய்த தப்புக்கு என்னைத் திருடன் ஆக்கினானே, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்றார். கடிகாரத்தை மாற்றலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். “இந்த வூட்ல ஒரு டைம்தான் கீது. அவனுக்கோசரம் இன்னாத்துக்கு மாத்தணும்? மொதல்ல அவன் என்கிட்ட பேசட்டும்.” அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். அந்த விஷயத்தில் அவர் காது வசதியான காது.

அப்பாவின் கணினியை அடையாறில் என் வீட்டிலிருந்தே திறந்து, அவருக்குத் தெரியாமல் நேரத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிஷம் போதும். செய்யவில்லை. அது கணினியின் நேரமாக இருந்தால் செய்திருப்பேன். அது எங்கள் வீட்டு நேரம். அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அங்கிருந்து ஆழ்வார்பேட்டைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நாள்காட்டித் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தனக்கு மறதியும் இல்லை, அவனுக்குப் பொறாமையும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம், அவன் மாற்றிவிட்டானா என்று கேட்டார். இல்லை, முடியாது என்கிறார் என்றேன். மாமா கொஞ்சமும் கோபப்படவில்லை. “மாத்த மாட்டான்” என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, சரியாகப் பத்து நிமிஷம்தானா, கூடக் குறைச்சல் உண்டா என்று கேட்டார். சரியாகப் பத்து என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாளில் நாடகம் மறுபடி நகர ஆரம்பித்தது. யார் யாருக்கு முதலில் போன் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இரண்டு பேரும் தான்தான் என்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடி, கோப்பு மாறிக்கொண்டே இருப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். மாம்பலம், ஆழ்வார்பேட்டை, மாம்பலம், ஆழ்வார்பேட்டை. சந்தோஷமாக இருந்தது. கடிகாரம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நன்றாக ஓடுகிற யந்திரத்தைத் திறந்து பார்க்காதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

ஒரு வாரம் கழித்து அப்பா போன் செய்தார். வழக்கமாக ஊருக்கே கேட்கிற குரல், அன்றைக்கு அவரால் முடிந்த அளவு தணிந்திருந்தது. அவருடைய வசனங்கள் இப்போது காணாமல் போகின்றனவாம். நல்ல வசனங்கள். உடனே எழுதியவை.

நான் பேசுவதற்குள் அவரே சொன்னார். “கோவம் இன்னும் போகல போல. நீ ஒண்ணும் கேட்டுக்கினு இருக்காத பாப்பா. எடுத்துக்கட்டும். அவன் எழுதறானே, அது போதும்.”

தன் வசனத்தில் ஒரு ஒற்றெழுத்தை மாற்றினால் ரகளை செய்கிற மனுஷன் அவர். சாயங்காலம் நேரே ஆழ்வார்பேட்டைக்குப் போனேன்.

மாமா கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையைப் பார்த்தேன். இந்தத் தடவை நாக்கை அடக்கிக்கொண்டு கண்ணால் பார்த்தேன். என் போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். மாமாவின் கணினி பத்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பிடிபட்ட மாதிரி சிரித்தார். “அவன் மாத்த மாட்டான் கொழந்தே. அவனுக்கு வராது. நான் மாத்திண்டுட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தாப் போறாதா? எங்காத்துல யாருக்கு ரயில் பிடிக்கணும்?” என்றார்.

அதுவும் சரிதான். இரண்டும் ஒரே அளவு தப்பாக இருந்தால் என் நிரலுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அப்படியென்றால் அப்பாவின் வசனம் ஏன் போக வேண்டும்? அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் கணினியில் மணி என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். ஆறு ஐந்து என்றார். என் போனிலும் ஆறு ஐந்துதான். மாமாவின் திரையில் ஆறேகால். நான் மேலே கேட்பதற்குள், அவர் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

“அன்னிக்கே மாத்திட்டேன் பாப்பா. அவன் எழுதறது போவுதேன்னு மன்சு கேக்கல. அவன்கிட்ட சொல்லிடாத.”

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். யாராவது ஒருவர் பழையபடி மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்து, நான் மாற்றுகிறேன், நீ ஏண்டா மாற்றணும், நான்தான் மாற்றிவிட்டேனே, யார் உன்னை மாற்றச் சொன்னது என்று இரண்டு பக்கமும் சத்தம் ஏறியது. பழைய சத்தம். பாண்டி பஜார் மாடிப்படிக்கு அடியில் கேட்ட அதே சத்தம். நான் குறுக்கே பேசி, இரண்டு கணினியும் தானாகவே சரியான நேரம் வைத்துக்கொள்ளட்டும், இரண்டு பேரும் இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். மாமாவின் கணினியில் அங்கேயே அந்த வசதியைப் போட்டேன். அப்பாவின் கணினியில், அவரிடம் சொல்லிவிட்டு, என் மடிக்கணினியிலிருந்தே போட்டேன். அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமா அதற்குள் போனில் ஏதோ வசனம் சொல்லிக்கொண்டிருந்தார், நான்காம் தரமாக, கத்தி. அப்பா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமி காபியோடு வந்தாள். நேரமாகிவிட்டது, பஸ் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஏழு என்றது. ஏழாகியிருக்க முடியாதே என்று நான் திகைப்பதைப் பார்த்து மாமி சிரித்தாள். அதையும் மாமா மாற்றிவிட்டாராம், கைக்கடிகாரத்தையும் சேர்த்து. இந்த வீட்டிலும் இனி மாம்பலம் நேரம்தான், தனக்குத்தான் பாலும் குக்கரும் குழம்பிப்போகிறது, கேட்டால் அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று தெரிய வேண்டாமா என்கிறார் என்று மாமாவின் பக்கம் கையைக் காட்டினாள். கணினியை மாற்றியதற்கு நாடகம் காரணம். கைக்கடிகாரத்துக்கு என்ன காரணம் என்று நான் மாமாவைக் கேட்கவில்லை.

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கம்போலப் பத்து நிமிஷம் கழித்தேன். இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்து காபியைக் குடித்தேன்.